மார்கழியில் மண்ணைத் தொட்டால் மாசியில் கீரை

(மார்கழித் தொடக்கத்தில் செவ்வாய்ப்பேட்டையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், எங்கள் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் குளிரில் முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் லீ பஜாரில் பருப்பு, புளி வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவீர்கள் என்று தெரியும். அதனால் சுருக்கமாகவே பேசுகிறோம். இன்றைக்குச் சேமிப்பு, கடன், தவணை எதுவும் கிடையாது. நம்ம வீட்டுப் பொடக்காலியைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் எங்கள் தப்பை ஒப்புக்கொள்கிறோம். ஆரம்பத்தில் ஒரு வருஷம், பங்குனி மாசம் குழுக்களுக்கு விதைப் பாக்கெட் கொடுத்தோம். போட்டோ எடுத்தோம், கை தட்டினோம், போய்விட்டோம். மண்ணைப் பற்றிப் பேசவில்லை, தண்ணியைப் பற்றியும் பேசவில்லை. சித்திரையில் திரும்பி வந்து பார்த்தால் பாதி முளைக்கவில்லை, முளைத்தது வெயிலில் கருகிக் கிடந்தது. ஒரு அக்கா காய்ந்த தக்காளிச் செடியைக் காட்டி, "என் கை ராசியில்லாத கை கண்ணு" என்றார். அந்தச் சொல் எங்களை இன்னும் உறுத்துகிறது. அக்கா கையில் எந்தக் குறையும் இல்லை. நாங்கள் கொடுத்த காலம் தப்பு, சொல்லித் தராமல் விட்டதும் தப்பு. அதனால்தான் இந்த முறை மார்கழியிலேயே வந்து நிற்கிறோம்.

ஏன் மார்கழி?

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து இப்போது ஓயும் நேரம். நம்ம செம்மண்ணில் அடி ஈரம் இன்னும் இருக்கிறது, மண்வெட்டி இறங்கும். மாசி போனால் அதே மண் பாறை மாதிரி இறுகிவிடும். தைப்பட்டத்தில் போட்ட செடி, பங்குனி வெயில் வருவதற்குள் வேரைக் கீழே இறக்கிவிடும். விதை போடுவது தையில் என்றாலும், தோட்டம் உருவாவது மார்கழியில்தான்.

யாருக்காக இந்தத் தோட்டம்?

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. இந்த ஹாலைப் பாருங்கள், நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது, தலை கிறுகிறுங்குது என்று சொல்பவர் நம்மில் எத்தனை பேர்? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 400 கிராம் காய்கறி, கீரை சாப்பிட வேண்டும் என்று 2024-ல் வழிகாட்டியிருக்கிறது. நம்ம வீட்டில் என்ன நடக்கிறது? வீட்டுக்காரருக்குப் பொரியல், பிள்ளைகளுக்குப் பொரியல், கடைசியில் உட்காரும் நமக்குக் குழம்புச் சட்டியில் ஒட்டினது மட்டும். காய் கூடுதலாக இருந்தால்தான் கடைசித் தட்டுக்கும் வரும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம். ரத்தசோகைக்கு மருந்து கொடுத்திருந்தால், கீரை சாப்பிடுகிறோம் என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கீரையோடு எலுமிச்சை, நெல்லி, தக்காளி சேர்த்தால் அதிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் ஒட்டாது.

இந்த மாசம் செய்ய வேண்டியவை

1. இடம்: ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. அதில் குடும்பத்துக்கு வேண்டிய காய் முழுவதும் விளையாது, ஆசை காட்ட மாட்டோம். ஆனால் கீரை, மிளகாய், கொஞ்சம் கத்தரி, வெண்டை கிடைக்கும். பாதி நாளாவது வெயில் படும் இடமாகப் பாருங்கள். இடமே இல்லாத டவுன் வீடுகளில் சிமெண்ட் சாக்கு, ஓட்டை வாளி போதும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். கொலுசு வேலை நடக்கும் வீடுகளில், பாலிஷ் போட்ட ஆசிட் தண்ணீர், சாயத் தண்ணீர் செடிப் பக்கமே போகக் கூடாது.

2. பாத்தி: ஒரு அடி ஆழம் கொத்தி, கல் பொறுக்கி, ஒரு வாரம் ஆறப் போடுங்கள். பாத்தி 3 அடி அகலம் போதும். இரண்டு பக்கமும் நின்று கை எட்டும், பாத்தியை மிதிக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு அடி நடைபாதை.

3. எரு: மக்கிய மாட்டெரு, ஆட்டெரு தாராளமாகப் போடலாம். நாமக்கல் பக்கத்து அக்காமார் கவனிக்க வேண்டும். கோழிப்பண்ணை எரு சும்மாவே கிடைக்குதே என்று பச்சையாகக் கொட்டாதீர்கள். அது சூடு, வேரைப் பொசுக்கிவிடும். சருகு, தென்னை நார்க்கழிவோடு கலந்து, ஈரம் காயாமல் மூடி, நாற்றமும் சூடும் அடங்கும் வரை மக்க வைத்துப் போட வேண்டும். அது அடுத்த பட்டத்துக்குத்தான் ஆகும்.

4. குழி: ஒரு மூலையில் 3 அடிக்கு 3 அடி, 2 அடி ஆழம். காய்கறித் தோல், சருகு, சாணி இதில் விழட்டும். போகிக்கு இலை தழையை எரிக்காமல் இந்தக் குழியில் போடுங்கள். பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம்.

5. நாற்று: மிளகாய் நாற்று பிடுங்கி நட 40 நாள் ஆகும். கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25. அதனால் மிளகாயை இந்த வாரமே விடுங்கள், மற்றதை அடுத்தடுத்து விடலாம். வெண்டை, கொத்தவரை, சுரை, பீர்க்கு, பாகல் எல்லாம் தையில் நேராக ஊன்றலாம். கொத்தமல்லி குளிருக்குத்தான் நன்றாக வரும், இன்றைக்கே தூவலாம்.

6. விதைச் சோதனை: 10 விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஒரு வாரத்துக்குள் 7 முளைத்தால் நல்ல விதை. மிளகாய், பாகல் விதைக்கு இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

7. வேலி: கோழியும் ஆடும் ஒரே காலையில் எல்லாவற்றையும் முடித்துவிடும். பழைய சேலையைக் குச்சியில் கட்டினாலே போதும்.

8. தண்ணீர்: கோடையில் போர் இறங்கிவிடும். குளிக்கிற தண்ணியை வாழை, சேம்புப் பக்கம் திருப்புங்கள். அரிசி, காய் கழுவின தண்ணி கீரைக்கு. சோப்புத் தண்ணி கீரைக்கு வேண்டாம். செடி அடியில் கரும்புச் சோகை, நிலக்கடலைப் பொட்டு பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது.

"இவ்வளவு வேலைக்கு நேரம் எங்கே கண்ணு?" என்று பின் வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போட எப்படியும் விடியலில் எழுகிறோம். முன்வாசல் வேலை முடிந்ததும் பின்வாசலுக்குக் கால் மணி நேரம். கொத்துகிற வேலையை வீட்டு ஆண்களிடம் கேளுங்கள். சாப்பிடுவது எல்லோரும்தானே? வயதான அம்மாக்கள் வீட்டுக்குக் குழுவாகப் போய் ஒரு நாள் பாத்தி போட்டுக் கொடுங்கள். இதற்குக் கடன் எதுவும் வாங்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் கேட்க இடம் இருக்கிறது. சேலம் மாவட்டத்துக்குச் சந்தியூரிலும், நாமக்கல்லுக்கு அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. குழுவாகப் போனால் நேரில் பார்த்துக் கேட்கலாம்.

பொங்கலுக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்து வீட்டுக்கும் காட்டுக்கும் காப்புக் கட்டுவோம் இல்லையா? இந்த வருஷம் உங்கள் பொடக்காலிப் பாத்திக்கும் ஒரு காப்புக் கட்டுங்கள். தை மாசக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி நாட்டு விதை கொண்டு வாங்க, மாற்றிக்கொள்ளலாம். நாங்களும் வெறுங்கையோடு வர மாட்டோம். பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல், சித்திரை வரைக்கும் மாதம் ஒரு முறை ஒவ்வொரு குழுவின் தோட்டத்தையும் வந்து பார்க்கிறோம். அந்த அக்கா வீட்டுக்குத்தான் முதலில் போகப் போகிறோம்.