காப்பகத்துக்கு ஏன் வரவில்லை?

சென்னை பிராட்வே, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பிளாட்பாரத்தில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். பாட்டி காலத்திலிருந்தே அங்கே இருக்கிற குடும்பங்களும் உண்டு. மாநகராட்சிதான் வீடற்றவர்களுக்குக் காப்பகம் நடத்துகிறதே, போய்ப் படுத்தால் என்ன என்று நமக்குத் தோன்றும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் ஏறத்தாழ 17.7 லட்சம் பேருக்கு வீடில்லை என்றது. அதற்கு முந்தைய ஆண்டே உச்ச நீதிமன்றம் பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பிறகு வந்த மத்திய அரசுத் திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவும் சொன்னது. கட்டடத்துக்கு இது போதும். அதில் வந்து படுக்க வேண்டிய ஆளுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்கவே சேவை வடிவமைப்பு என்று ஒரு துறை இருக்கிறது. பெயர்தான் பெரிது. உதவி கேட்டு வருகிறவர் கூடவே நடந்து, அவருக்கு எங்கே தடுக்குகிறது என்று பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. மூன்று சக்கரச் சரக்கு வண்டியான மீன்பாடி வண்டி ஓட்டுகிற ஒருவரோடு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். காப்பக வாசலிலேயே சிக்கல். வண்டியை எங்கே விடுவது? வண்டி காணாமல் போனால் பிழைப்பே போயிற்று. அதனால் வண்டியிலேயே படுத்துவிடுகிறார். கூட மனைவியும் வளர்ந்த மகனும் இருந்தால், ஆண்களுக்கு ஓர் இடம், பெண்களுக்கு வேறிடம் என்று குடும்பம் பிரிய வேண்டும். இரவெல்லாம் மூட்டை தூக்குகிறவருக்குப் பகலில்தான் தூக்கம். அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தால் அவருக்கு அது காப்பகமே இல்லை.

அரசு இவர்களுக்கு வேறிடத்தில் வீடு கொடுத்தாலும் இதே கதைதான். அப்படிக் கொடுத்த பெரும்பாக்கம் குடியிருப்பு, பிராட்வேயை ஒட்டிய பாரிமுனையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் சந்தையில் நிற்க வேண்டியவர் அங்கிருந்து எப்படி வருவார்? வீட்டை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களை நன்றியில்லாதவர்கள் என்று சிலர் பேசுகிறார்கள். கூலிக்கும் பஸ் செலவுக்கும் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் என்பேன் நான்.

உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால், ஒரு கோரிக்கை வையுங்கள். காப்பகத்தின் நேரத்தையும் விதிகளையும் எழுதுமுன், பிளாட்பாரத்தில் படுப்பவர்களை அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடமும் ஒரு பூட்டும் சங்கிலியும் மாநகராட்சிக்குப் பெரிய செலவில்லை.