கிட்டப்பாவை மீண்டும் மேடையேற்றலாமா?



எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாடல்களை, ஆர்மோனியத்துடன் அவர்கள் பாடியவாறே நம் இளைஞர்கள் இன்று பாட இருக்கிறார்கள். "இது வெறும் போலியன்றோ?" என்று சிலர் வினவினர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம்.

செங்கோட்டையில் 1906இல் பிறந்த கிட்டப்பா 1933இல் மறைந்தார். சுந்தராம்பாள் அம்மையார் 1980 வரை வாழ்ந்தமையால், அவர் குரலைத் திரைப்படங்களிலேனும் கேட்டோம். கிட்டப்பாவோ பேசும்படம் வேரூன்றுமுன்னரே போய்விட்டார். எஞ்சியவை இசைத்தட்டுகளே, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம். ஆனால் அவர் புகழ் பெற்றது, இரவு முழுதும் நடந்த நாடகங்களில், ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடியதால் அன்றோ?

ஒத்திகையில் இளைஞர்கள் இதனை உணர்ந்தார்கள். தட்டில் உள்ளதைப் பிழையறக் கற்றார்கள்; அதற்கு மேல் தம் கற்பனையால் விரித்துப் பாடத் துணிந்தார்கள். ஒலிபெருக்கியையும் வேண்டாமென்றார்கள். அப்போதே நம் ஐயம் அகன்றது. அச்சாகப் பாடுவது போலி. அஞ்சாமல் பாடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆகவே, எங்கேனும் குரல் உடைந்தால் நகையாதீர்கள். தில்லியில் பிறந்த நம் குழந்தைகளை முன்வரிசையில் அமர்த்துங்கள். நாம் கடைசி வரிசைக்குச் செல்வோம். குரல் எட்டுகிறதா என்று பார்ப்போம்.