கேட்டவள் குற்றவாளியா?

(ஒரு திருமணத்தில் செய்த சொற்பொழிவு)



மணமக்களை வாழ்த்திப் பேசும்படி எனக்குக் கட்டளை. ஆனால் பந்தலுக்குள் நுழையும்போதே பின்வரிசையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. “பெண்ணே போய், என்னைக் கலியாணம் செய்து கொள்ளுகிறாயா என்று மாப்பிள்ளையைக் கேட்டாளாமே! காலம் கெட்டுப் போயிற்று!” என்பதே அது. ஆகவே வாழ்த்தைச் சற்று ஒத்திவைத்து, முதலில் அதற்குப் பதில் சொல்லுகிறேன்.

கேட்டது உண்மைதான். அதில் என்ன குற்றம்? ஆண் கேட்டால் ஆண்மை, பெண் கேட்டால் வெட்கங்கெட்டதனம் என்று ஏற்பாடு செய்தது யார்? இயற்கை என்கிறார்கள். இயற்கையானால் அதற்கு விதி எதற்கு? தண்ணீர் பள்ளத்துக்கு ஓட வேண்டுமென்று எவரும் சூத்திரம் எழுதி வைக்கவில்லையே! ஆனால் தலைவி தன் ஆசையைத் தலைவன் முன் வாய்விட்டுச் சொல்லுவதில்லை என்று தொல்காப்பியம் விதிக்கிறது. காதலுற்ற ஆண், பனைமடலால் குதிரை செய்து ஏறி ஊரறியத் தெருவில் வரலாம். பெண் மடலேறக் கூடாது. ஏறாமலிருப்பதே அவளுக்குப் பெருமை என்று குறளும் சொல்லுகிறது. பெண்ணுக்கு ஆசையில்லை என்று இவர்கள் எவரும் சொல்லவில்லை. ஆசை இருக்கட்டும், வாயை மூடிக்கொள் என்றுதான் சொல்லுகிறார்கள்.

இராமாயணத்தில் சூர்ப்பனகை கேட்டாள், மூக்குப் போயிற்று. சீதையைத் தாக்க வந்ததற்காக என்பார்கள். சரி, அதற்கு முன்னே அண்ணன் தம்பியிடமும் தம்பி அண்ணனிடமுமாக அவளை அனுப்பிப் பரிகாசம் செய்தது எதற்காக?

இங்கிலாந்தில் 1839-ஆம் ஆண்டில் விக்டோரியா ராணி தானே ஆல்பர்ட்டைக் கேட்டு, 1840-இல் மணந்தார். ராணியிடம் போய் எவரும் கேட்கக் கூடாதென்பது அங்கே முறை. அதனால் அந்தம்மாளின் பெண்மை குறைந்ததா? ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார்! ஆகவே கேட்கும் உரிமை மீசையைப் பொறுத்ததல்ல, அதிகாரத்தைப் பொறுத்தது.

நிற்க, என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன் நானும் பத்துப்பேரோடு பெண் பார்க்கப் போனவன்தான். சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டு, “பெண் பிடித்திருக்கிறது” என்று பெரிய மனிதன்போல் சொல்லி வந்தேன். என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. வெகுநாள் கழித்து என் மனைவி சொன்னார்: “உங்களுக்கு முன் நாலு பேர் வந்தார்கள். ஐந்து தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை.” மேடைதோறும் பகுத்தறிவு பேசுகிற எனக்கு அன்றுதான் வெட்கம் வந்தது.

இந்த ஏற்பாட்டால் ஆணுக்கும் லாபமில்லை. கேட்பது தன் பிறப்புரிமை என்று வளர்ந்தவனுக்குப் பெண் “முடியாது” என்றால், அது பதிலாகத் தெரிவதில்லை, அவமானமாகத் தெரிகிறது. மறுத்தவள் முகத்தில் திராவகம் வீசும் கொடுமை இங்கிருந்தல்லவா புறப்படுகிறது? 2013-ஆம் ஆண்டில் அதற்கென்றே தண்டனைச் சட்டத்தில் தனிப்பிரிவு சேர்க்க வேண்டியதாயிற்று. பெண்ணும் கேட்கட்டும், ஆணும் காத்திருக்கட்டும். மறுக்கவும், மறுப்பைத் தாங்கவும் இருவருமே பழகட்டும்.

இந்த மணமகள் கேட்டார். மணமகனுக்கு மறுக்க உரிமையிருந்தும் சம்மதித்தார். ஜாதகம் பார்த்த எந்தப் பொருத்தத்தைவிடவும் இது பெரிய பொருத்தம். இனி வீட்டிலும் இப்படியே ஒருவரையொருவர் கேட்டு வாழ்வார்களாக! பின்வரிசைத் தோழர்கள் இன்றிரவு வீட்டுக்குப் போனதும், தம் மனைவியரை அந்தப் பழைய கேள்வியைக் கேட்டுப் பார்ப்பார்களாக!