காட்சி உண்மை, வரி பொய்

வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் ஷிஃப்ட் விட்டதும் தமிழோடு இந்தியும் ஒடியாவும் கலந்து கேட்கும். இப்படி வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களைப் பற்றித்தான் அந்தப் பொய்: 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு உடனே மறுத்தார். ஒன்று, திருப்பூரில் பீகார்க்காரர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. பீகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரித்தது. அதற்குள் ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களோடு, பயந்து போனவர்களும் ரயிலேறிவிட்டார்கள்.

அடிதடி நடந்தது நிஜம்தான். அதன் மேல் எழுதிய வரிதான் பொய். 'நம் ஆளை அவர்கள் அடிக்கிறார்கள்' என்றதும் ரத்தம் கொதிக்கிறது. எந்த ஊர், என்றைக்கு என்று கேட்கத் தோன்றுவதில்லை. கொதிக்க வைப்பதுதான் அந்தப் பதிவின் வேலை. 'வடக்கன்' என்று வடமாநிலத்தவரைப் பழித்துத் தமிழில் வரும் பதிவுகளுக்கும் இதே அளவுகோல்தான். அங்கே நமக்குக் கொஞ்சம் இனிக்கும், அதனால் கூடுதல் கவனம் வேண்டும்.

ஊரும் தேதியும் இல்லாமல், 'உடனே பகிருங்கள்' என்று மட்டும் இருந்தால் கை நிற்கட்டும். வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். பழைய காட்சியென்றால் பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.