குருதிக் குழாயும் பிறவிப் பிழையும்



"இரத்தத்திலேயே குறை" என்னும் பழிச்சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள் நாம். அது பொய். ஆயினும் பிறப்பின் வழியே இறங்கி வரும் மெய்யான நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றிச் சிந்திப்போம்.

உடலின் காவற்படை வெள்ளையணுக்கள். அவற்றுள் ஒருவகை 'ஏடிஏ 2' என்னும் நொதியைச் சுரக்கின்றது. அந்நொதியை ஆக்கும் மரபணு 22-ஆம் குரோமோசோமில் உள்ளது. அது பழுதுபட்டால், காக்க வேண்டிய படையே குருதிக் குழாய்களின் சுவரில் அழற்சியை உண்டாக்குகிறது. அடிக்கடி காய்ச்சல் வரும்; தோலில் வலைபோன்ற செந்நீலக் கோடுகள் தோன்றும்; ஐந்து வயது நிரம்பாத குழந்தையைக்கூடப் பக்கவாதம் தாக்கும். அமெரிக்க, இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2014-ஆம் ஆண்டில் இதன் காரணத்தை வெளியிட்டனர்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் இந்நோய் தோன்றும். பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பர். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆகவே, பெற்றவளை மட்டும் பழிப்பதும் அறியாமை. முன்வினை என்பதும் அறியாமை.

தம் வட்டத்துக்குள்ளேயே மணந்துவந்த ஜார்ஜிய யூதருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இப்பழுதைச் சுமப்பதாக இஸ்ரேலிய ஆய்வு கண்டது. ஜெர்மானியர், துருக்கியர், இந்தியரிடையேயும் இந்நோய் காணப்பட்டுள்ளது. பழுது குலம் பார்ப்பதில்லை. நெருங்கிய உறவுக்குள் மணம் நிகழுந்தோறும் இரு பழுதுகள் ஒன்றுசேரும் வாய்ப்பே பெருகுகிறது. மாமன் மகள், அக்காள் மகள் என மணமுடிக்கும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1936-இல் அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் கலப்பு மணத்தையே மருந்தாகக் கூறினார். அது சமுதாய நோய்க்குச் சொன்ன மருந்து; உடலுக்கும் அதில் ஒரு காப்பு உண்டு.

நோயுற்றோர் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 15 நோயாளிகளுக்கு முன்னர் மொத்தம் 55 முறை பக்கவாதம் வந்திருந்தது. அழற்சியைத் தூண்டும் 'டி.என்.எஃப்.' என்னும் பொருளைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கிய பின் ஒருமுறையும் வரவில்லை.

எனவே, குழந்தையின் கைகால் திடீரெனத் தளர்ந்தால் மந்திரிக்க ஓடாதீர். உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்வீர். குடும்பத்தில் முன்பு எவருக்கேனும் இவ்வாறு நேர்ந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காது கூறுவீர். நோயைச் சொல்ல நாணம் வேண்டா. நம் பிறப்பைக் குறைகூறியவர்க்கு நாம் அளிக்கும் விடையும், நம் பிள்ளைகளுக்கு நாம் அளிக்கும் காப்பும் ஒன்றே, அது கல்வி.