கூட்டத்தில் ஒரு முகம்



ஊரைவிட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் எங்கே பத்துக் குடும்பமாய்ச் சேர்ந்தாலும் அங்கே ஒரு சபை தோன்றிவிடும். சபை தோன்றினால் ஆண்டுக்கொரு விழா நடக்கும். விழா முடிந்ததும், "யாரும் போய்விடாதீர்கள், போட்டோ இருக்கிறது" என்று ஒருவர் ஒலிபெருக்கியில் வேண்டுவார். தில்லியில் எங்கள் குடியிருப்பில் நடைபெறும் பொங்கல் விழாவும் இதற்கு விலக்கன்று. நூற்றுக்கு மேற்பட்டோர் கூடி நிற்கும் அந்தப் படத்தை எப்படி எடுத்தால் ஒவ்வொரு முகமும் துலங்கும் என்பதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

இதில் எங்களுக்கு அக்கறை பிறந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சபையின் வரவு செலவை முப்பது ஆண்டுகள் எழுதிவந்த பெரியவர் ஒருவர் காலமானார். தனியே படம் எடுத்துக்கொள்வதில் அவருக்கு என்றுமே நாட்டமில்லை. பதின்மூன்றாம் நாள் வைப்பதற்கு ஒரு படம் வேண்டுமென்று தேடியபோது, அண்மைக் காலத்தில் அவர் முகம் தெரிவது முந்தைய பொங்கலில் எடுத்த குழுப்படம் ஒன்றில்தான் என்று தெரிந்தது. "அதிலிருந்து அவரை மட்டும் பெரிதாக்கிக் கொடுங்கள்" என்றார் அவருடைய மனைவியார். எளிய வேண்டுகோள்தான். பெரிதாக்கிப் பார்த்தோம்; மூக்குக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டங்கள் இருந்தன.

எங்களுள் ஓர் இளைஞர், மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் அதை இட்டுக் கொண்டுவந்தார். கண், இமை, நெற்றிச் சுருக்கம் எல்லாம் அழகாக அமைந்திருந்தன. அம்மையார் அதைச் சிறிது நேரம் பார்த்தார். "இது யாரோ ஒருத்தர், அவர் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது முற்றும் சரி. இல்லாத விவரத்தை அச்செயலி வேறு ஆயிரமாயிரம் முகங்களைக் கற்ற பழக்கத்தால் ஊகித்து நிரப்புகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இவ்வகைத் தவறு புதிதன்று. மூலம் எலி அரித்த இடத்தில் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டு, "சரளமாக இருக்கிறதே" என்று மகிழ்பவர்களை அலுவலகத்தில் நாள்தோறும் காண்கிறோம்.

பிழை எங்கே நேர்ந்தது? காமிராவின் மேல் பழி சுமத்த இடமில்லை. நல்ல கைப்பேசியில்தான் எடுத்தார்கள். படம் அகலத்தில் நாலாயிரம் புள்ளிகள் கொண்டதாகவே பிறந்தது. எடுத்தவர் அதை வாட்ஸ்அப்பில் சாதாரண முறையில் அனுப்பினார். அது 1600 புள்ளிகளாகச் சுருங்கியது. பிறகு இடம் போதவில்லையென்று மூலத்தை அழித்துவிட்டார். எங்களிடம் எஞ்சியது சுருங்கிய பிரதி மட்டுமே. வரிசைக்கு இருபது பேர், ஒருவருக்கு ஒன்றரை அடி, ஓரங்களுக்குச் சிறிது என்று கணக்கிட்டால் காட்சியின் அகலம் 33 அடி. 1600 புள்ளிகளை 33 அடிக்குப் பங்கிட்டால் அடிக்கு 48. மனித முகம் ஏறத்தாழ அரையடி அகலம். ஆகவே முகத்துக்குக் கிடைத்தவை 24 புள்ளிகள். அவற்றைக் கொண்டு ஒருவரை எவ்வாறு அடையாளம் காண்பது?

இந்த முறை கணக்கை முன்கூட்டியே போட்டோம். படிப்பறைச் சுவரில் 36 அங்குல அகலமுள்ள படம் தொங்க வேண்டும். அதில் முகம் ஒன்று புளியங்கொட்டை அளவே இருக்கும். ஆயினும் அருகே சென்று உற்று நோக்கினால் ஆள் தெரிய வேண்டும். கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கமான அளவு. சுவர்ப்படத்துக்கு 200 இருந்தாலே போதும். 24 மெகாபிக்சல் காமிராவின் படம் 6000 புள்ளி அகலம். 36 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 166 தான் தேறும். 45 மெகாபிக்சல் காமிரா ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். அதன் அகலம் 8256 புள்ளி, அங்குலத்துக்கு 229. ஒரு முகத்துக்கு 24 புள்ளிக்குப் பதிலாக 125 கிடைத்தன.

இந்தக் கணக்கு டிஜிட்டல் யுகத்தில் பிறந்ததன்று. ஐதராபாத் நிஜாமின் புகைப்படக் கலைஞராய் விளங்கிய ராஜா தீன் தயாள் (1844-1905) எடுத்த படங்களில் முகங்கள் இன்றும் துலங்குவதற்கு ஒரு காரணம், அவர் கையாண்ட பெரிய கண்ணாடித் தகடுகள். பரப்பு மிகுந்தால் விவரமும் மிகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சர்க்கட் என்ற காமிரா வந்தது. அது தானே சுழன்று, நீண்ட பிலிமில் பெருங்கூட்டத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை பதிவு செய்யும். பள்ளிக் குறும்பர்கள் சிலர் இடக்கோடியில் நின்று முகம் காட்டிவிட்டு, பின்புறமாய் ஓடி வலக்கோடியிலும் நின்று, ஒரே படத்தில் இருவராய்த் தோன்றியதுண்டு! இக்காலத்தில் பகுதி பகுதியாய் எடுத்துக் கணினியில் ஒட்டுவோரும் இதே ஆபத்துக்கு உள்ளாவர். குழந்தைகள் இருக்கும் கூட்டத்தை ஒரே சொடுக்கில் எடுப்பதே நலம் என்பது எங்கள் துணிபு.

தில்லியின் தை மாதக் காலைப்பொழுது பனிமூட்டத்தில் கழியும். ஆகவே நண்பகலுக்குப் பின், பள்ளிக்கூடம் ஒன்றின் வடபுறப் படிக்கட்டில், கட்டடத்தின் நிழலில் அனைவரையும் நிறுத்தினோம். வெயிலில் நிறுத்தியிருந்தால் பாதிப் பேர் கண்ணைச் சுருக்கியிருப்பர். மீதிப் பேரின் கண்கள் புருவ நிழலில் மறைந்திருக்கும். ஜமுக்காளத்தில் குழந்தைகள், நாற்காலியில் முதியோர், பின்னே படிகளில் ஏனையோர் என ஆறு வரிசைகள். ஆக 118 பேர். 50 மில்லிமீட்டர் லென்ஸுடன் காமிராவை ஏறத்தாழ 46 அடி பின்னே, ஏணியின் உயரத்தில், உறுதியான தாங்கியில் பொருத்தினோம். அகன்ற லென்ஸை வைத்து அருகில் நின்றிருக்கலாம். ஆனால் ஓரத்தில் நிற்பவர் முகங்கள் பூசணிக்காய் போல் விரிந்திருக்கும். முன்வரிசை முதல் பின்வரிசை வரை கூர்மை குன்றாமலிருக்கத் துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்தோம். மூன்றாம் வரிசையின் கண்களில் குவியம். மனிதர் நிலையாய் நிற்பதாய் நினைத்துக்கொண்டு ஆடுவர். எனவே வேகம் விநாடியில் இருநூற்றில் ஒரு பங்கு. "உங்கள் இரு கண்ணுக்கும் லென்ஸ் தெரிகிறதா? தெரியாதவர் அரையடி நகருங்கள்" என்ற ஒரு வாக்கியம், கால்மணி நேரக் கூச்சலைவிட அதிகப் பயன் தந்தது.

இனி, இமைத்தல் என்னும் தொல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்னும் இருவர், ஒருவரும் கண் மூடாத குழுப்படம் பெற எத்தனை படம் எடுக்க வேண்டுமென்று கணக்கிட்டு, 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு பெற்றனர். சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கு அளிக்கப்படும் பரிசு அது. இருபது பேருக்கு உட்பட்ட குழுவாயின், நல்ல வெளிச்சத்தில், தலைக்கணக்கை மூன்றால் வகுத்தால் வரும் எண்ணிக்கையில் படம் எடுத்தால் போதும். படமெடுக்கும்போது ஒருவர் நிமிடத்துக்குப் பத்து முறை, முறைக்குக் கால் விநாடி இமைக்கிறார் என்பது அவர்கள் கொண்ட அளவு. அதன்படி எங்கள் 118 பேரில் எந்தக் கணத்திலும் ஐவர் கண் மூடியிருப்பர். அனைவரும் விழித்திருக்கும் படம் 150-க்கு ஒன்று கிடைத்தால் பெரிது! ஆகையால் எல்லோரையும் கண்ணை மூடச் செய்து, "மூன்று" என்றதும் திறக்கச் சொல்லி, இருபது படங்கள் எடுத்தோம். மிகச் சிறந்த படத்திலும் இருவர் கண்மூடியிருந்தனர்.

அவ்விருவரின் விழித்த முகங்களை, அடுத்த கணத்தில் எடுத்த படத்திலிருந்து எடுத்துப் பொருத்தினோம். அதே மனிதர், அதே இடம், அதே நிமிடம். இதில் குற்றமில்லை என்று கருதினோம். அப்போது சபையில் ஒருவர், மறைந்த பெரியவரையும் நாற்காலி வரிசையில் சேர்த்துவிடலாமே என்று அன்பின் மிகுதியால் கேட்டார். நாங்கள் இசையவில்லை. அவர் அன்று அங்கே இல்லை. அம்மையாரைக் கேட்டோம், அவரும் வேண்டாமென்றார்.

படத்தைப் பிளக்ஸில் அடிக்காமல், பளபளப்பற்ற தாளில் அச்சிட்டோம். மூலக் கோப்பை இரண்டு வேறு இல்லங்களில் வைத்திருக்கிறோம். யாருக்கேனும் வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் டாக்குமெண்டாகவே அனுப்புகிறோம்.

படத்தின் கீழே பெயர்ப்பட்டியல் ஒன்றும் மாட்டியாயிற்று. வரிசைவாரியாக, இடமிருந்து வலமாக, 118 பெயர்கள். நாற்காலி வரிசையில் ஏழாவதாய் அமர்ந்திருந்த பாட்டியின் மடியில் இருந்த குழந்தைக்கு அன்று பெயர் சூட்டியிருக்கவில்லை; அந்த இடத்தை வெற்றிடமாய் விட்டுவைத்தோம். சென்ற வாரம் குழந்தையின் தந்தை வந்து, தம் கையாலேயே எழுதிவிட்டுப் போனார்.