பூனை படுத்திருக்கும் பெட்டி

(‘தமிழ்ப் புத்தகம் வாழ்கிறதா, வெளியீட்டு விழா வாழ்கிறதா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் எழுத்தாளர் பேசினால் தற்பெருமை என்பார்கள். பதிப்பாளர் பேசினால் புலம்பல் என்பார்கள். கடைக்காரர் பேசினால் வியாபாரம் என்பார்கள். ஆகவே மூவருக்கும் வேண்டியவராகவும் இல்லாமல், வேண்டாதவராகவும் இல்லாமல் இருக்கிற ஒரு சாட்சியை இன்று கூண்டில் ஏற்றலாம். அந்தச் சாட்சி ஒரு பூனை.

சிரிக்க வேண்டாம். பூனைக்கும் இலக்கியத்துக்கும் பழைய உறவு உண்டு. பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை என்று கம்பர் தம்மையே சொல்லிக்கொண்டுதான் இராமாயணத்தைத் தொடங்கினார். பூனைக்கு அவர் அங்கே வைத்த சொல் ‘பூசை’. ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி 1905இல், பள்ளி ஆசிரியர் வீட்டில் வளரும் பெயரில்லாத பூனை ஒன்றையே கதை சொல்ல வைத்தார்.

நம்முடைய பூனையும் ஆசிரியர் வீட்டுப் பூனைதான். கிள்ளானில் தாழ்வான ஒரு தாமான், அதில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கம்பர் பிரியர் என்பதால் பூனைக்குப் ‘பூசை’ என்று பெயர் வைத்தார். அக்கம்பக்கத்தில் அது யாருக்கும் புரியவில்லை. “என்ன சார், பூஜை இன்னும் சாப்பிடலையா?” என்றுதான் கேட்பார்கள். பூனையும் ஆசிரியரும் கற்பனை. அந்த வீட்டு அட்டைப்பெட்டிகள் கற்பனை இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழில் எழுதுகிற எத்தனையோ பேர் வீட்டில், கட்டிலுக்கு அடியிலும் மாடிப்படி மூலையிலும் அவை இருக்கின்றன.

ஆசிரியர் நாவல் எழுதினார். தோட்டப்புற வாழ்க்கை, பால்மரக்காடு, சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போன தாத்தாக்களின் கதை. கணினியில் தாமே தட்டச்சு செய்தார். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே ‘முரசு’ செயலியை உருவாக்கித் தந்ததால், அச்சுக்கோப்பவரைத் தேடி அலைகிற வேலை நம் எழுத்தாளர்களுக்கு மிச்சம். பூசை அவ்வப்போது விசைப்பலகை மீது நடந்துபோகும். மெய்ப்புத் திருத்தும்போது தப்பிப்போன சில பிழைகளுக்கு அதுவே பொறுப்பு என்று ஆசிரியர் சாதிப்பார்.

அச்சுக்கூலி குறைவு என்று நம்மவர்கள் பலரும் செய்வதுபோல, சென்னையில் அச்சடிக்கக் கொடுத்தார். 500 பிரதிகள் கப்பலேறிக் கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கின. பெட்டிக்கு 50 வீதம் 10 பெட்டிகள். பூசைக்கு அன்று திருவிழா. புது அட்டையின் வாசம், அச்சு மையின் வாசம், நகம் கூராக்கத் தோதான ஓரம். பத்தாவது பெட்டியின்மேல் ஏறிப் படுத்தது. மலேசியத் தமிழ்ப் பதிப்புலகச் செய்திகளை அது பார்க்கத் தொடங்கியது அந்த உயரத்திலிருந்துதான்.

முதல் செய்தி, வெளியீட்டு விழா. கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள சோமா அரங்கம் போன்ற ஒரு மண்டபம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆய்வுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு ஒரு வாழ்த்துரை. பிறகு முதல் நூல் பெறும் டத்தோ மேடையேறுவார். உறை ஒன்று கைமாறும். தொடர்ந்து ஒவ்வொருவர் பெயராக அழைக்கப்படும். நூலைப் பெற்றவர் படம் எடுத்துக்கொள்வார். அப்புறம் மீ கோரேங், வடை, தேநீர்.

காலையில் 10 பெட்டிகள் வீட்டைவிட்டுப் போயின. இரவு 7 பெட்டிகள் திரும்பி வந்தன. பூசைக்குக் கணக்கு அவ்வளவுதான் தெரியும். ஆசிரியரின் மனைவி உறைகளைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, “ஏங்க, அச்சுக்கூலி வந்துடுச்சு. கையைக் கடிக்கல” என்றார். ஆசிரியர் முகத்தில் நிம்மதி. அந்த நிம்மதியோடு புத்தகத்தின் பயணமும் பாதி முடிந்துபோனது என்பது அன்று இரவு அவருக்குத் தெரியாது.

விழாவை மட்டும் குற்றம் சொல்லி உட்கார்ந்துவிட முடியுமா? முடியாது. காரணத்தையும் பார்க்க வேண்டும். மலாய் மொழியில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம், தமிழிலும் சீனத்திலும் எழுதப்படுவது அந்தந்த இனத்தின் இலக்கியம் என்ற பகுப்பு இந்த நாட்டில் 1970களில் வேரூன்றியது. 1981 முதல் வழங்கப்படும் தேசிய இலக்கிய விருது மலாய்மொழிப் படைப்புகளுக்கே உரியது. ஆகவே தமிழ் நாவலை அச்சேற்றச் சமூகம்தான் கைகொடுக்க வேண்டும். எழுத்தாளர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், அறவாரியங்கள், தனி வள்ளல்கள் என்று கைகொடுத்தும் வருகிறார்கள். அந்த உறைகள் இல்லையென்றால் நம் நூல்களில் பாதி கையெழுத்துப் பிரதியாகவே கரையானுக்குப் போயிருக்கும்.

ஊரார் கையை எதிர்பார்த்து நூல் போடுவது புதிய பழக்கமும் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே கையொப்பமிட்டுப் பணம் தருகிறவர்களைத் தேடித் தேடித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். ஆனால் ஒரு வித்தியாசம். அவரிடம் கையொப்பமிட்டவர்களில் பலர் அந்த நூலுக்காகக் காத்திருந்தவர்கள். இன்று நாம் உறை கொடுப்பது பெரும்பாலும் எழுத்தாளருக்காக. மொய் எழுதுவதுபோல அது ஒரு மரியாதை. மொய் எழுதியவர் மறுநாள் போய்க் கல்யாணப் பெண்ணிடம் குடும்பம் எப்படி நடக்கிறது என்று கேட்பதில்லை அல்லவா? அதுபோல, வாங்கிய நூலை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இரண்டாவது செய்தி, கடை. ஆசிரியர் 20 பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் போனார். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் அந்தப் பெயர் பெற்ற இடம், 2010 அக்டோபர் 27இல் லிட்டில் இந்தியாவாகத் திறப்பு விழா கண்ட இடம். பூமாலை, புடவை, பலகாரம், எல்லாம் கிடைக்கும். தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும். கடைக்காரர் நல்ல மனிதர். “வச்சிட்டுப் போங்க சார், வித்தா பணம் தர்றேன்” என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கடை வாடகையைக் கட்டுவது பள்ளிப் பயிற்சி நூல்களும் பஞ்சாங்கமும் பூஜைப் பொருள்களும்தான். நாவலுக்கு அலமாரியில் இடம் கொடுத்ததே அவருடைய தமிழ்ப்பற்று. மூன்று மாதம் கழித்து ஆசிரியர் போய்ப் பார்த்தார். 20இல் 17 அதே இடத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தன.

மூன்றாவது செய்தி, நாளிதழ். பூசையின் சாப்பாட்டுத் தட்டின் கீழே விரிக்கிற தாள் ஒருநாள் மாறிவிட்டது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. பூனைக்கு அது வெறும் தாள். ஆசிரியருக்கோ அது தாய்வீடு. 1950இல் அந்த இதழ் நடத்திய ‘கதை வகுப்பு’ இந்த மண்ணில் ஒரு தலைமுறை எழுத்தாளர்களுக்கே பயிற்சிக் கூடமாக இருந்தது. ஒரு நாளிதழ் மூடும்போது செய்தி வேறு வழியில் வந்துவிடும். ஆனால் ‘இந்த வாரம் இப்படி ஒரு நூல் வந்திருக்கிறது, படித்துப் பாருங்கள்’ என்று சொல்ல இருந்த இடங்களில் ஒன்று குறைந்துபோகிறது.

நான்காவது செய்தி பெருமையானது. 2020ஆம் ஆண்டின் உலகப் புத்தகத் தலைநகராகக் கோலாலம்பூரை யுனெஸ்கோ தேர்ந்தெடுத்தது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. மண்டபம் இல்லை, விழா இல்லை, உறை இல்லை. நம் தமிழ் நூல்களுக்கு விழாவைத் தவிர வேறு வாசல் எதையும் நாம் திறந்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் வெட்டவெளிச்சமானது. ஆசிரியர் வீட்டில் 6 பெட்டிகள் அப்படியே இருந்தன. மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு. மேலே பூசை.

பிறகு 2021 டிசம்பர் வந்தது.

அந்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. 17ஆம் தேதி பிடித்த மழை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்கூரைமேல் ஏறி நின்றவர்களைப் பார்த்தோம். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். கிள்ளானில் ஆசிரியர் வீட்டிலும் இரவோடு இரவாகத் தண்ணீர் புகுந்தது. படகில் வந்தவர்கள் கணவனையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டார்கள். பூனையைத் தேட நேரமில்லை. “பூசை, பூசை” என்று அந்த அம்மாள் இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள். எங்கும் சேறு. குளிர்பெட்டி சாய்ந்து கிடந்தது. சோபா நாசம். அடுக்கில் கீழே இருந்த 4 பெட்டிகள் ஊறிப் புடைத்துப் போயிருந்தன. ஆனால் புத்தகக் கட்டு கல் மாதிரி நின்றது. அதன் உச்சியில், நனையாத பெட்டியின் மேல், பசியில் குரல் கம்மிப்போய் உட்கார்ந்திருந்தது பூசை.

ஆசிரியர் சிரித்தாராம். “யாரும் வாங்காத புத்தகம், ஒரு உயிரையாவது காப்பாத்துச்சு” என்றாராம். சிரித்தவர், அடுத்த நிமிடம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. பூனையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

சேறு வாரிக் கழுவ அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அவர்களில் பக்கத்து வீட்டுப் பெண், படிவம் 4 மாணவி. நனைந்த நூல்களை வெயிலில் பிரித்து வைக்கும் வேலை அவளுக்கு. பிரித்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். படித்தாள். உட்கார்ந்து படித்தாள்.

“தாத்தா, சயாமுக்குப் போன புருஷன் திரும்பி வருவாருன்னு வாசல்லயே படுத்திருந்த பாட்டி கதை எங்க வீட்லயும் சொல்வாங்க. அது எங்க வீட்டுக் கதைன்னு நினைச்சேன். இது புத்தகத்துல எல்லாம் வருமா?”

அன்பர்களே, இந்த ஒரு கேள்வியில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா ரயில்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். போர்க்கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது, திரைப்படம் இருக்கிறது. நம்மவர்களுக்கு? ஆர். சண்முகம் 1993இல் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். இவர்கள் எழுதியதெல்லாம் திறக்காத பெட்டிக்குள் இருந்தால், அந்த மனிதர்கள் இரண்டாவது முறையும் காணாமல் போகிறார்கள் என்றுதானே பொருள்?

அந்தப் பெண் ஒரு பிரதியை எடுத்துப்போனாள். மூன்று வாரம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்தாள். அட்டை கிழிந்திருந்தது, மைலோ சிந்தியிருந்தது, பக்கங்களின் காது மடங்கியிருந்தது. நான்கு பேர் கை மாறியிருக்கிறது. மண்டபத்தில் 150 பேர் வாங்கிப்போனபோது வராத மகிழ்ச்சி, அந்தக் கிழிந்த பிரதியைக் கையில் வாங்கியபோது ஆசிரியருக்கு வந்தது. தப்பிய 100 பிரதிகளில் ஒரு பெட்டி பள்ளிகளுக்குப் போயிற்று.

ஆகவே விழா வேண்டாம் என்பது இங்கே தீர்ப்பு இல்லை. விழா நடக்கட்டும், உறையும் வரட்டும். அதோடு இன்னும் சில காரியங்களும் நடக்கட்டும். வெளியான நூலின் 5 பிரதிகளை ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எழுத்தாளர்கள் அதை மறக்காமல் செய்யட்டும். நூறு ஆண்டு கழித்துத் தேடி வருகிறவனுக்கு அங்கேயாவது கிடைக்கும். முதல் நூல் பெறுகிற வள்ளல்கள், கூடவே 10 பிரதிகளுக்குப் பணம் கொடுத்து, அவற்றைத் தாம் படித்த பள்ளிக்கு அனுப்பச் சொல்லட்டும். இந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நூலைப் பெற்றவர்கள் ஒரு மாதத்தில் எழுத்தாளரை அழைத்து, “படித்தேன், இந்த இடம் பிடித்தது, இந்த இடம் பிடிக்கவில்லை” என்று இரண்டு வார்த்தை சொல்லட்டும். திட்டினாலும் பரவாயில்லை. திட்டுவதற்காவது படித்திருக்க வேண்டுமே!

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூட்டம் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே பூனையே மணி அடித்துவிட்டது. காது கொடுக்க வேண்டியது நாம்தான்.

கடைசியாகப் பூசையின் நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். கீழே ஊறிப்போன பெட்டிகள் போயின. மேலே தப்பியதில் ஒன்று பள்ளிகளுக்குப் போயிற்று. இருக்கிற ஒரு பெட்டியும் வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று காலியாகி, படுத்தால் நடுவில் குழி விழுகிறது. பூசைக்கு அதில் பெரிய வருத்தம். வீடு முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, ஆசிரியரை முறைத்துப் பார்க்கிறது. அவரோ அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறார்.

தமிழ் எழுதுகிற ஒவ்வொரு வீட்டிலும் பூனைக்குப் படுக்கப் பெட்டி இல்லாமல் போகட்டும்.